சம்பந்தியின் சர்நேம்

அவற்ற பேரை நான் இஞ்ச எழுதமாட்டன். மரியாதைக்காக எண்டு நினைச்சிடாதேங்கோ. எழுதினால் நீங்கள் உடனே போனைத் தட்டிப் பார்ப்பியள். உலகத்தில அந்தப் பேரோட மிஞ்சிக் கிடக்கிறது ஒரு பிடி ஆக்கள்தான், அடுத்த நிமிசம் அவற்ற படமும் வீட்டு வாசலும் வந்து நிக்கும். அவ்வளவு அபூர்வமான பேர். அது எவ்வளவு அபூர்வம் எண்டு அவர் எனக்குச் சொன்ன மாதிரி வேற ஆருக்கும் சொல்லியிருக்கமாட்டார், ஏனெண்டால் மற்ற ஆக்களுக்கு எழும்பிப் போக வழி இருந்தது. நான் சம்பந்தி. என்ர மகன் கட்டினது அவற்ற ஒரே மகளை. எழும்பி எங்க போறது?

திருகோணமலை ஆள். வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவர். என்னை மாதிரி நல்ல கறுப்பு. மொன்றியல் டவுன்டவுனில ஒரு பெரிய ஒஃபீஸ் கட்டிடத்தில வாசல் மேசையில செக்யூரிட்டி வேலை. உள்ளுக்குப் போற சனம் நிண்டு பேரைச் சொல்லிக் கையெழுத்து வைச்சிட்டுத்தான் லிஃப்டுக்குப் போகலாம். வேற ஆருக்கும் எண்டால் அலுத்துப் போற வேலை, இவருக்கு அது சொர்க்கம். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு அவசரமாய் வாற வெள்ளைக்காரியை நிப்பாட்டி, உங்கட சர்நேம் வடக்கு இங்கிலாந்து, உங்கட ஆக்கள் முந்தி ஆடு மேய்ச்சவை எண்டு சொல்லிவிடுவார். அந்த மனுசி என்ன சொன்னது எண்டு நான் கேட்டன். மிச்சம் சந்தோசப்பட்டதாம். மீற்றிங்குக்குப் பிந்திப் போன சந்தோசமாக்கும்.

இஞ்சத்தைய பிரெஞ்சுக்காரரைக் கண்டால் அவருக்கு இரக்கம். பாவங்கள், மெற்றோவில நிண்டு துரெம்ப்ளே எண்டு கூப்பிட்டால் பாதிப் பெட்டி திரும்பிப் பார்க்கும் எண்பார். தன்ர பேரைக் கூப்பிட்டால் தான் மட்டும்தான் திரும்புவாராம். அதில என்ன பெருமை எண்டு எனக்கு விளங்கேல்லை. ஆள் இல்லாத வீட்டில கூப்பிட்டாலும் ஒருத்தரும் திரும்பாயினம்தானே.

செயின்ட்-மிஷேலில அவற்ற வீட்டு ஹோலுக்குள்ள போனால் நேர யேசுநாதர். யேசுநாதருக்குப் பக்கத்தில, அதே அளவு ஃபிரேமில, இங்கிலாந்து மேப். முழு மேப்பும் வெள்ளை. மேற்குப் பக்கமாய் ஒரு மூலையில மட்டும் தேத்தண்ணி சிந்தின மாதிரி ஒரு சின்னக் கறை. அந்தப் பேர்காரர் முந்தி இருந்த இடமாம். அங்க ஒரு மலைக் கிராமம் இருந்ததாம், அதின்ர பேர்தானாம் ஆக்களுக்கும் வந்தது, பேந்து கிராமம் அழிஞ்சு போச்சாம், பேர் மட்டும் நடந்து நடந்து துறைமுகத்துக்கு வந்ததாம். துறைமுகத்திலயிருந்து கப்பல். கப்பலில ஒரு நேவி ஒஃபீஸர். அந்த ஒஃபீஸர் திருகோணமலைத் துறைமுகத்தில இறங்கினதோட கதை சூடு பிடிக்கும். அவர்தான் இவற்ற பூட்டன். ஒஃபீஸரைக் கண்ட சாட்சி ஆர் எண்டு ஒருக்கா கேட்டுப் பார்த்தன். மூக்கைப் பாருங்கோ தங்கச்சி எண்டு முகத்தைத் திருப்பிக் காட்டினார். பார்த்தன். எங்கட மீன் சந்தையில அப்பிடி மூக்கு கன பேருக்கு இருந்தது.

போனில இன்னொரு மேப் இருந்தது. உலகம் முழுக்க அந்தப் பேர் இப்ப எங்க எங்க இருக்கு எண்டு காட்டுறது. கனடாவில ஒரேயொரு புள்ளி. அந்தப் புள்ளியை விரலால பெருப்பிச்சு, பெருப்பிச்சு, மொன்றியலைக் கொண்டுவந்து, இது நான் எண்பார்.

மகனுக்கு அவற்ற மகளைக் கேட்டுப் போன அண்டைக்கு, நாங்கள் யாழ்ப்பாணத்துச் சனம் பழக்கதோசத்தில முதலில கேக்கிற கேள்வியைக் கேட்டம். ஊரில எவடம்? அந்தக் கேள்விக்குள்ள என்ன இருக்கு எண்டு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், சாதி பார்க்கிற வெக்கங்கெட்ட கேள்விதான். இந்த மனுசன் அதைச் சட்டை செய்யேல்லை. திருப்பி எங்களிட்டக் கேட்டார், உங்கட சர்நேம் எவ்வளவு காலமாய் இருக்கு? என்ர மகன்ர சர்நேம் அவன்ர தேப்பன்ர பேர். அந்தத் தேப்பன், என்ர மனுசன், அதுக்கு முந்தின வருசம்தான் செத்தவர். நான் அதைச் சொன்னன். சம்பந்தி தலையை ஆட்டி, அப்ப ஒரு தலைமுறைதான் எண்டார். செத்த வீட்டுக்கு வந்தவர் துக்கம் விசாரிக்கிற குரலில.

அண்டைக்குத் தொடங்கினது. எங்களுக்கெல்லாம் சர்நேமே இல்லை எண்டது அவற்ற வாதம். தேப்பன்ர பேரைக் காவிக்கொண்டு வந்து எயர்போட்டில குடும்பப் பேர் எண்டு குடுத்த சனம் நாங்கள். அது உண்மைதான், நான் மறுக்கேல்லை. என்ர சுகாதார அட்டையில என்ர அப்பாவின்ர பேர்தான் குடும்பப் பேர். கிளினிக்கில நேர்ஸ் பெட்டை 'மதாம்' எண்டு சொல்லி அப்பாவின்ர பேரைத்தான் கூப்பிடுவாள். அப்பா கண்ணை மூடி எத்தினையோ வருசம், ஆனால் இந்த ஊரில ஒழுங்காய் பிரஷர் பார்க்கப் போய்வாறார். நானே இதைச் சொல்லிச் சிரிக்கிறனான். அதை இன்னொரு ஆள், அதுவும் மேப்பைக் காட்டிக்கொண்டு சொன்னால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

சொந்தக்காரர் முழுப்பேரும் ரொறன்ரோவுக்குக் கிளம்பேக்க இவர் மட்டும் அசையேல்லை. இஞ்ச பிரெஞ்சு படிக்க மாட்டாமல் வருசக் கணக்காய்த் திட்டினவருக்குத் திடீரெண்டு கியூபெக்கில பக்தி வந்திட்டுது. காரணம் என்னெண்டால், இஞ்சத்தைய சட்டத்தில பெட்டையள் கலியாணம் கட்டினாலும் பிறந்த வீட்டுப் பேர்தான். புருசன்ர பேருக்கு மாற ஏலாது. ரொறன்ரோவுக்குப் போனால் மகள் மாறிப்போடுவாள் எண்ட பயத்தில அவ்வளவு குளிரையும் பிரெஞ்சையும் தாங்கிக்கொண்டு இருந்தவர். மனிசிக்காரி இருந்த காலத்தில ரொறன்ரோ ஸ்காபரோவில தங்கச்சியவைக்குப் பக்கத்தில இருக்க ஆசைப்பட்டுப் பட்டே செத்துப்போனா எண்டு மருமகள் எனக்கு ஒருக்கா சொன்னாள். சொல்லிப்போட்டு, அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ மாமி எண்டாள். நான் சொல்லேல்லை.

கலியாணத்தண்டு நடந்ததையும் சொல்லவேணும். காலமை சேர்ச், பின்னேரம் கோயில் எண்டு இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. சேர்ச் முடிஞ்சு வெளிய வந்தால் கார் ஊருக்கு நடுவில கிடக்கிற மலைப்பக்கம் திரும்புது. அங்க இங்கிலீஷ்காரற்ற பழைய சவக்காலையில அந்தப் பேர் வெட்டின ஒரு கல் இருக்கு. ஆரெண்டு தெரியாது, எப்பவோ செத்த வெள்ளைக்காரன். இவர் அந்தக் கல்லைப் பெரியப்பா எண்டுதான் சொல்லுவார். வருசா வருசம் பூ வைக்கிறவர். பொம்பிளை மாப்பிள்ளை பெரியப்பாவிட்ட ஆசீர்வாதம் வாங்கவேணுமாம். தாலி ஏற இன்னும் நேரம் கிடக்கு, அதுக்குள்ள புதுச் சோடியைச் சவக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போற மனுசனை நீங்கள் கண்டிருக்கிறியளோ? நான் காருக்கு முன்னால போய் நிண்டன். பட்டுச் சீலையோட, பனியில. பேந்துதான் கார் கோயில் பக்கம் திரும்பினது.

இப்பிடியே இருந்திருந்தால் சிரிச்சுப்போட்டு விட்டிருப்பன். மருமகள் பிள்ளைத்தாச்சி ஆனாள்.

இஞ்ச பிள்ளைக்குத் தாயின்ர பேரும் வைக்கலாம் தேப்பன்ர பேரும் வைக்கலாம், இரண்டையும் கோடு போட்டுக் கொழுவியும் வைக்கலாம். மருமகள் சின்ன வயசிலேயே தேப்பனுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திட்டாளாம், தன்ர பிள்ளைக்கு அவற்ற சர்நேம்தான் எண்டு. எனக்கு இது தெரியவந்தது வளைகாப்புக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டு நிக்கேக்க. என்ர மகனைக் கேட்டன். எனக்கு எதெண்டாலும் சரி அம்மா எண்டான். நடுவில நிக்கிறதில பட்டம் எடுத்தவன் அவன். இரண்டையும் கொழுவினால் என்ன எண்டு அவனே பேந்து ஒரு யோசனை கொண்டுவந்தான். சம்பந்தி மாட்டன் எண்டார், கோடு போட்டுக் கொழுவினால் அது வேற பேராம், மேப்பில வராதாம். நானும் மாட்டன் எண்டன், என்ர மனுசன்ர பேர் இன்னொண்டுக்குப் பின்னால இழுபட்டுக்கொண்டு போறதோ? நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான்.

என்ர ஆசையை நான் மறைக்கேல்லை. என்ர மனுசன் சென்ட் லோரன்டில மருந்துப் பெட்டி அடுக்கிற ஃபக்டரியில வேலை செய்து செய்தே போனவர். வீடு வாங்கேல்லை, பேரப்பிள்ளையைக் காணேல்லை. அந்தப் பேராவது ஒரு பிள்ளையில நிக்கவேணும் எண்டு எனக்குக் கிடந்தது. சம்பந்திக்கு அது பகிடி.

"தங்கச்சி, நீங்கள் புருசன்ர பேரை வாயாலயே சொல்லமாட்டியள். சொல்லாத பேருக்கு என்னத்துக்குச் சண்டை?"

"நான் சொல்லாதபடியால்தான் அண்ணை, வேற ஆரும் சொல்லவேணும் எண்டு கேக்கிறன்" எண்டன்.

அவர் பகிடியை விட்டிட்டு, உங்களுக்காவது மகன் இருக்கிறான், என்னோட இது முடியுது எண்டார். ஒரு பேர் உலகத்திலயிருந்து அழியுறது லேசான விசயமோ எண்டு கேட்டார். யானைக்கும் திமிங்கிலத்துக்கும் அழுற ஆக்களைக் கேள்விப்பட்டிருக்கிறன், சர்நேமுக்குக் கண் கலங்கின ஆளை அண்டைக்குத்தான் கண்டன். நான் விட்டுக் குடுக்கேல்லை. அவரும் விடேல்லை. பிள்ளை வயித்துக்குள்ள வளர்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரம்தான் இங்கிலாந்திலயிருந்து ஒரு மனுசி வரப்போறா எண்டு அறிவிச்சார். அதே பேர்காரி. கலியாணம் கட்டேல்லை, பள்ளிக்கூடத்தில படிப்பிச்சு ஓய்வெடுத்தவ, இப்ப அந்தப் பேரின்ர சரித்திரத்தைத் தேடுறதுதான் வேலையாம். அங்க ஒவ்வொரு பேருக்கும் இப்பிடி ஒரு விசர் பிடிச்ச ஆள் இருக்குமாம். இரண்டு பேரும் இன்டர்நெற்றில கண்டுபிடிச்சு எழுதிக்கொண்டிருந்திருக்கினம். மலையில இருக்கிற பெரியப்பாக் கல்லைப் பார்க்க வாறா, அப்பிடியே வீட்டுக்கும் வாறா. இவர் 'கசின்' எண்டுதான் சொல்லிக்கொண்டு திரிஞ்சார். ஹோலுக்குப் புதுப் பெயின்ற். நண்டுக் கறிக்கு நண்டு தேடி அரைவாசி மொன்றியலும் அலைஞ்சார். என்னையும் வரச்சொன்னார். ஏன் எண்டு எனக்குத் தெரியும். இங்கிலாந்திலயிருந்தே ஆள் வந்து தன்னைச் சொந்தம் எண்டு சொல்லிறதை நான் என்ர கண்ணால பார்க்கவேணும், பார்த்திட்டு வாயை மூடவேணும். நான் நல்ல சீலையாய்ப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனன்.

நல்ல மனுசி, சொல்லத்தான் வேணும். எழுபது தாண்டின மெலிஞ்ச உடம்பு, நடைக்குப் போடுற சப்பாத்து, இடியப்பத்தைக் கையால சாப்பிடப் பழக்கச் சொல்லிக் கேட்டா. எனக்கு இங்கிலீஷ் மட்டுமட்டு, மகன் பக்கத்திலயிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். சம்பந்தி மேப்புக்குக் கீழ கதிரையைப் போட்டு அவவை இருத்தி, நேவி ஒஃபீஸரைக் கப்பலிலயிருந்து இறக்கினார். அவ சாப்பிடுறதை நிப்பாட்டிப்போட்டு முழுக்கக் கேட்டா. கேட்டு முடிச்சு, தங்கட குடும்பத்தில கடலுக்குப் போன ஆக்கள் ஒருத்தரும் இல்லையே எண்டு மெல்லமாய்ச் சொன்னா. ஆனால் சிலோன் கதை ஒண்டு இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டெல்லோ நினைச்சன் எண்டா.

கதை இதுதான். அந்தக் குடும்பத்தில ஒரு கலியாணம் கட்டாத மாமி இருந்தவ. கம்பளி வியாபாரத்தில வந்த காசு. வெள்ளைக்காரன் எங்கட நாட்டை ஆண்ட காலத்தில, அங்க மிஷன் போர்டிங்கில ஒரு ஏழைப் பெடியன்ர சோத்துக்கும் படிப்புக்கும் அந்த மாமி காசு அனுப்பினவ. அப்பிடிக் காசு குடுக்கிறவைக்கு மிஷன் ஒரு உரிமை குடுத்ததாம். பிள்ளைக்குத் தங்கட பேரை வைக்கலாம். மாமி தன்ர பேரை வைச்சா. எங்கட பெடியன், எங்கட பெடியன் எண்டு வீட்டில பேந்து வந்த சந்ததியும் சொல்லிக்கொண்டே இருந்ததாம், அவன் என்ன ஆனானோ எண்டு தான் சின்னனிலயிருந்து யோசிச்சிருக்கிறாவாம். சொல்லிப்போட்டு அந்த மனுசி சம்பந்தியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கண் கலங்கினா. நீங்கள் நல்லாய் இருக்கிறியள் எண்டு காண எவ்வளவு சந்தோசம் எண்டா.

கோயிலில டியூப்லைட் வாங்கிக் குடுக்கிறவை அதில உபயம் எண்டு தங்கட பேரைக் கொட்டை எழுத்தில எழுதிவிடுவினம், பார்த்திருப்பியள். எனக்கு அதுதான் முதலில ஞாபகம் வந்தது. சிரிப்பும் வந்தது, மறைக்கேல்லை. இத்தினை வருசம் எனக்கு மேப் காட்டின மனுசன். தேப்பன்ர பேரைக் காவுற சனம் எண்டு எங்களைச் சொன்ன மனுசன். உள்ளுக்குள்ள வெடி கொளுத்திக் கொண்டாடத் தயாராயிட்டன்.

சம்பந்தி அவவைப் பார்த்து ஒண்டு மட்டும் கேட்டார்.

"அதுக்கு முந்தி அந்தப் பெடியனுக்கு என்ன பேர்?"

அவ யோசிச்சுப் பார்த்தா. அதை எங்களுக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டா. அவர் பரவாயில்லை எண்டு சொல்லி, நண்டின்ர நல்ல காலாய்ப் பார்த்து எடுத்து அவற்ற கசினுக்குப் போட்டார். அடுத்தநாள் சொன்னபடி மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லைக் காட்டி, பூவும் வைப்பிச்சுத்தான் அனுப்பினவர்.

விருந்தண்டு அவ போன கையோட நான் குசினிக்குப் போனன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டு நிண்டார். சொல்லவேண்டிய வசனமெல்லாம் என்ர நாக்கு நுனியில நிண்டது, எதை முதலில விடுறது எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டன்.

"தங்கச்சி," எண்டார், திரும்பாமலே. "அந்தப் பெடியனைத் தாய் ஒரு பேர் சொல்லித்தானே சோறு தின்னக் கூப்பிட்டிருப்பாள். சோத்துக்காக அந்தப் பேரைக் கழட்டி வைச்சிட்டு வந்திருக்கிறான். நான் இவ்வளவு காலமும் தேடினது மாமியின்ர வீட்டை."

பாத்திரத்தை வாங்கித் துடைச்சு வைச்சன். வேற என்ன செய்யிறது? அவரை எனக்குப் பிடிக்காது எண்டு நான் நம்பிக்கொண்டிருந்த காலம். அண்டைக்கு அந்த மனுசனில வந்த பாசத்தை என்ன செய்யிறது எண்டு தெரியாமல் நிண்டன், அதுவும் கோவமாய்த்தான் இருந்தது.

மேப்பைக் கழட்டுவார் எண்டு பார்த்தன். கழட்டேல்லை. ஆனால் ஆக்கள் வந்தால் எழும்பிப் போய்க் காட்டுறதை விட்டிட்டார். வேலையில வாற சனத்துக்கும் ஒரு பொன்ஜூர், அதோட சரியாம். மருமகள் கவலைப்பட்டாள். அப்பா முந்தி மாதிரி விசர்க் கதை கதைச்சால் நல்லாயிருக்கும் மாமி எண்டாள். அதுக்காகவே சத்தியத்தைக் காப்பாத்தப் போறாள் எண்டு எனக்கு விளங்கிச்சுது. பிள்ளைக்குத் தன்ர தேப்பன்ர சர்நேம், மனுசனுக்குத் திரும்ப உயிர் வரட்டும். நான் என்ன அவ்வளவு லேசில விடுற ஆளோ? அவரில பாசம் வேற, பேர் வேற.

பெட்டைப்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில பிள்ளையின்ர பிறப்பைப் பதியிறதுக்கு மகன் போனில தட்டிக்கொண்டிருந்தான். குடும்பப் பேர் எண்ட இடத்தில வந்து நிண்டிட்டான். மருமகள், அப்பா வரட்டும் எண்டாள். நான் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலுக்கு இந்தப் பக்கம் நிண்டன். அவர் சுடுதண்ணிப் போத்திலும் கொத்தமல்லித் தண்ணியுமாய் வந்தார். சப்பாத்தில பனி அப்பிடியே. பிள்ளையைக் கனநேரம் பார்த்தார்.

மருமகள் மெல்லமாய், "அப்பா, உங்கட பேரைத்தான் போடப்போறம்" எண்டாள்.

"அது என்னோட இருக்கட்டும் பிள்ளை. உன்ர மாமாவின்ர பேரைப் போடுங்கோ. அது அவரைப் பெத்த தாயும் தேப்பனும் அவருக்கு வைச்சது."

என்ர மனுசனை அவர் கண்டதே இல்லை. நான் கேட்டது கேட்டபடி கிடைச்சிட்டுது. ஒரு வசனம் சண்டை பிடிக்க விடாமல், எத்தினை மாசமாய் நான் சேர்த்து வைச்ச அவ்வளவையும் வீணாக்கிப்போட்டு, வெண்டவள் நான் எண்டு ஆக்கிவிட்டிட்டுப் போய்க் கதிரையில இருந்திட்டார். நான் அந்த இடத்தில நிண்டு விக்கி விக்கி அழுதன், நேர்ஸ் பெட்டை ஓடி வந்து எனக்குப் பிரஷர் பார்க்கட்டோ எண்டு கேக்கிற அளவுக்கு. சம்பந்தி எழும்பி வந்து டிஷ்யூவை எடுத்து என்ர கையில திணிச்சார். அழுறதெண்டால் கொஞ்சம் தள்ளி நிண்டு அழுங்கோ தங்கச்சி, பிள்ளை இப்பதான் கண் அயர்ந்தது எண்டார்.